புதுச்சேரி மழைக்கு எந்தக் கோட்டு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ராணுவத்தினர் படகில் வந்து ஆட்களை மீட்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட மழைக்கு உலகத்தில் எந்தக் கோட்டும் கிடையாது. அன்றைக்குச் சைக்கிளை வராந்தாவில் ஏற்றி வைத்துவிட்டு வீட்டில் இருப்பதுதான் முறை.

நான் எழுத வந்தது வேறு மழையைப் பற்றி. ஐப்பசியில் பிடித்துக் கார்த்திகை முழுக்கப் பெய்து, மார்கழியில் சில நாள் தலைகாட்டிவிட்டுப் போகும் நம் ஊர்ச் சாதாரண மழை. புதுச்சேரிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ. மழை கிடைக்கிறது, அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். காலை ஏழரைக்குப் பொத்துக்கொண்டு ஊற்றும். எட்டேகாலுக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒன்பதுக்கு மறுபடி கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வரும். இந்த நேரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகள் கிளம்ப வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் முத்தியால்பேட்டையிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் ஊருக்குள் வர வேண்டும். இரவுக் காவல் முடித்தவர் வீடு திரும்ப வேண்டும். ஆசிரமத்துப் பெரியவர்கள் வெள்ளை உடையில் சைக்கிளில் போவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. மேடு பள்ளம் இல்லை, நேர்நேரான வீதிகள், எங்கிருந்து எங்கே போனாலும் ஊருக்குள் கால்மணி, அரைமணிதான். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மில்கள் ஓடிய காலத்தில் ஷிப்டு முடிந்தால் சாலை முழுக்க சைக்கிளாக இருக்கும். மில்கள் போய்விட்டன. சைக்கிள் போகவில்லை.

இவர்கள் மழைக்கு என்ன போடுகிறார்கள் என்று பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் நேரு வீதி, காந்தி வீதி நடைபாதைகளில் ரெயின்கோட்டு தொங்க ஆரம்பிக்கும். எல்லாமே மோட்டார் சைக்கிள்காரருக்காகத் தைத்தவை. கனமான பி.வி.சி. பூச்சு, கழுத்துவரை ஜிப்பு, மணிக்கட்டில் இறுக்கும் எலாஸ்டிக், கீழே தனியாகப் பேண்ட். வாங்குகிறவர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, தண்ணி உள்ள வராதே?" கடைக்காரரும் நேர்மையாகவே சொல்கிறார்: "சொட்டு வராது தம்பி." அது உண்மை. அதையே மாட்டிக்கொண்டு லாஸ்பேட்டையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை மிதித்துப் பாருங்கள். கழற்றும்போது சட்டையைப் பிழியலாம். மழையில் நனைந்திருந்தால் வெறும் தண்ணீர்; இது வேர்வை. நாள் முழுக்க அதோடு வகுப்பிலோ வேலையிலோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வேர்வை எந்த வழியாக வெளியே போகும் என்பது. தண்ணீர் உள்ளே வருமா என்பது அதற்கு அடுத்தது. புதுச்சேரியில் சைக்கிளுக்கு மழை உடை வாங்குகிறவர் இந்த வரிசையை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் காசு மிச்சமாகும், பாதி அவஸ்தை குறையும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மோட்டார் சைக்கிள் வேறு, சைக்கிள் வேறு

மோட்டார் சைக்கிளில் மனிதர் உட்கார்ந்திருக்கிறார். வேலை செய்வது எஞ்சின். அவருக்குக் காற்றும் குளிருமே எதிரி. சைக்கிளில் எஞ்சின் நாம்தான். சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை உடம்பு வேர்வையாக வெளியேற்றியாக வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சுமாரான வேகத்தில் மிதித்தாலே மணிக்கு அரை லிட்டர் வேர்வை சாதாரணம். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் ஒரு லிட்டரை நெருங்கும். அதைப் பி.வி.சி. உறைக்குள் பூட்டி வைத்தால் உள்ளே இருப்பவர் இட்லிக் குண்டானில் வைத்த மாவு போல வேகத்தான் செய்வார்.

"அப்படியானால் மூச்சு விடும் துணி என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காசு அதிகம் போகும் இடமும் இதுதான்.

குளிர் நாட்டில் பிறந்த துணி

மழைக்கோட்டின் கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் தொடங்குகிறது. 1823-ல் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பசை போலத் தடவி ஒட்டினார். தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமையும் வாங்கினார். குளிரில் அது விறைத்தது, வெயிலில் இளகி ஒட்டியது, நாற்றமும் அடித்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை பின்னால் வந்து அந்தக் குறைகளைத் தீர்த்தது. உள்ளே வேர்த்துக் கொட்டுவதை மட்டும் அது தீர்க்கவில்லை.

நம் நாட்டில் இந்த வேலையைச் சுதேசி ஆட்கள் கையில் எடுத்தார்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் கல்கத்தாவில் பெங்கால் வாட்டர்புரூஃப் வொர்க்ஸைத் தொடங்கினார். அங்கிருந்து வந்த டக்பேக் கோட்டு இந்தியாவில் மூன்று தலைமுறையின் மழைக்காலத்தைப் பார்த்திருக்கிறது. வெளிநாட்டுச் சரக்குக்கு மாற்றாக, நம் மழையில் நிற்கும் நம் ஆட்களுக்காக ஒரு மனிதர் தொழிற்சாலை கட்டினார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அதுவும் ரப்பர்தான். நடப்பவருக்கும் நிற்பவருக்கும் நன்றாக உதவியது. மிதிப்பவருக்கு வேர்த்தது.

1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், வாணலியில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அறுந்து போகாமல், நுண்ணிய துளைகள் நிறைந்த சவ்வாக அது விரிந்தது. தண்ணீர்த் துளி புக முடியாத அளவுக்குச் சிறிய துளை. ஆவி போகிற அளவுக்குப் பெரிய துளை. 1976 வாக்கில் கோர்டெக்ஸ் என்ற பெயரில் அது உடைத் துணியாக விற்பனைக்கு வந்தது. மலையேறுகிறவர்களின் உயிரைக் காத்த கண்டுபிடிப்பு அது. குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு அதே கொள்கையில் பல நிறுவனங்கள் பல பெயரில் செய்கின்றன.

ஆனால் அந்தச் சவ்வு ஆவியைத் தானாகத் தள்ளுவதில்லை. உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம் இருந்தால்தான் ஆவி வெளியே போகும். அந்த வித்தியாசம்தான் அதற்கு எஞ்சின்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேர்த்த தோலை ஒட்டி 34 டிகிரிச் சூட்டில், கோட்டுக்குள் இருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 37 கிராம் நீராவியைச் சுமந்திருக்கும். லண்டனில் 10 டிகிரியில் மழை பெய்கிறது, ஈரப்பதம் 90 சதம் என்று வைத்துக்கொண்டால் வெளிக்காற்றில் 8 கிராம்தான் இருக்கும். வித்தியாசம் 29. புதுச்சேரியில் நவம்பர் மழையில் 26 டிகிரி, 95 சதம் ஈரப்பதம் என்றால் வெளியே ஏற்கெனவே 23 கிராம். வித்தியாசம் வெறும் 14. அதே கோட்டு, அதே விலை, அதே ஆள். இங்கே வந்ததும் அதன் எஞ்சின் பாதியாகிவிடுகிறது.

லேபிளில் போட்டிருக்கும் எண்ணையும் பார்ப்போம். "10,000 கிராம்" என்று இருந்தால், ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் அவ்வளவு ஆவி போகும் என்று பொருள். மணிக்கு வகுத்தால் 415 கிராம் சொச்சம். அதுவும் சோதனைக்கூடத்தில், அவர்கள் வைத்த சூட்டில், அவர்கள் வைத்த ஈரத்தில். சோதிக்கும் முறையும் பல விதம். முறை மாறினால் அதே துணிக்கு வேறு எண் வரும். நம் வேர்வை அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். சோதனைக்கூட எண்ணை அப்படியே நம்பினால்கூடக் கணக்கு உதைக்கிறது.

இன்னொரு சங்கதி. இந்த வகைக் கோட்டின் வெளித்துணிமேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட ஒரு பூச்சு இருக்கும். சில மாதப் புழக்கத்தில், அழுக்கிலும் எண்ணெயிலும் அது தேய்ந்துவிடும். பிறகு வெளித்துணி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். உள்ளே மழை வராது. ஆனால் மேலே ஈரப்படலம் மூடிக்கொள்வதால் ஆவியும் போகாது. வாங்கியவர் கோட்டு ஒழுகுகிறது என்று நினைப்பார். பெரும்பாலும் அது அவருடைய வேர்வைதான்.

எனவே, ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் மிதிப்பவருக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் கொடுத்து இந்தத் துணியை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருப்பவருக்கு, வெளிநாட்டில் குளிரில் ஓட்டுபவருக்கு அது தகும். நமக்கு வேண்டியது துணிக்குள் துளை இல்லை. காற்று புகுந்து போக வாசல்.

கொங்காணியும் கேப்பும்

நடவு வயலில் மழை பிடித்தால் நம் பெண்கள் கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்து நுழைத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கொங்காணி. தலையும் முதுகும் நனையாது. முன்பக்கம் திறந்திருக்கும், கை இரண்டும் வேலைக்குச் சும்மா கிடைக்கும். குனிந்து உழைக்கும் உடம்பு வேர்க்கும், அதற்குக் காற்று வேண்டும் என்று தெரிந்த அறிவு அது. யூரியாச் சாக்கு வந்தபின் அதையும் அப்படியே மடித்தார்கள்.

சைக்கிளில் முன்னோக்கிக் குனிந்து மிதிப்பவருக்கும் அதே தேவைதான். அதற்குப் பிரான்சில் கண்ட விடை, கேப். கை இல்லாத, மணி வடிவில் விரிந்த மழைப்போர்வை. தலை வழியாக மாட்டிக்கொண்டு, முன் விளிம்பை ஹேண்டில்பார்மேல் விரித்துப் போட்டால் உடம்பைச் சுற்றி ஒரு சின்னக் கூடாரம். கீழே முழுக்கத் திறப்பு. பாரிஸில் சைக்கிள் ரோந்து போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் கேப் போட்டுத்தான் சுற்றினார்கள். மக்கள் அவர்களைத் தகைவிலான் குருவிகள் என்று செல்லமாக அழைத்தார்கள். பிரெஞ்சுப் போலீஸின் சிவப்புக் கெப்பித் தொப்பி இன்னும் நம் புதுச்சேரிக் காவலர் தலையில் இருக்கிறது. அந்தச் சைக்கிள் கேப்பும் நம் வீதியில் பரவலாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் நினைத்துக்கொள்கிறேன்.

ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவருக்கு என் பரிந்துரை இதுதான்: கேப், அல்லது சைக்கிளுக்கென்று வெட்டிய போன்ச்சோ. சேலை கட்டியவரும் போடலாம், வேட்டி கட்டியவரும் போடலாம், முதுகில் புத்தகப்பை இருந்தாலும் அதற்கு மேலேயே போடலாம். தொடை நனையாது, தனிப் பேண்ட் தேவையில்லை. கழற்றி உதறினால் ஐந்து நிமிடத்தில் காயும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை உண்டு. முன் விளிம்பின் உள்பக்கம் கட்டைவிரல் மாட்ட இரண்டு வளையம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கேப் காற்றில் பறந்து முகத்தில் அடிக்கும். இடுப்பில் கட்டிக்கொள்ள உள்பக்கம் ஒரு நாடா வேண்டும். பின்பக்கம் பறக்காமல் அதுதான் பிடிக்கும். பின்விளிம்பு சீட்டுக்குக் கீழே ஒரு சாண் இறங்கினால் போதும். அதற்கு மேல் நீண்டால் சக்கரத்தில் சிக்கும், ஆளைக் கீழே தள்ளும். நடப்பவர்களுக்காக விற்கும் முழங்கால் தாண்டிய போன்ச்சோவைச் சைக்கிளுக்கு வாங்கவே கூடாது. முன்விளிம்பு ஹேண்டில்பார் விளக்கை மூடுகிறதா என்றும் பாருங்கள். மூடினால் விளக்கைக் கீழே, முன் மட்கார்டில் மாட்டிக்கொள்ளலாம்.

கேப்பின் ஒரே பலவீனம் காற்று. நம் மழைக்காலக் காற்று வடகிழக்கிலிருந்து, கடலிலிருந்து வருவது. ஊர் வீதிகளின் அமைப்பை இதற்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். மிஷன் வீதி, காந்தி வீதி, ரோமன் ரோலன் வீதி போலத் தெற்கு வடக்காக ஓடும் வீதிகளில் கட்டடங்கள் கடல் காற்றை மறைக்கும். நேரு வீதி போலக் கிழக்கு மேற்காக ஓடுபவை நேரே கடலைப் பார்த்துத் திறந்தவை. ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பைத் தாண்டும்போதும் ஒரு தள்ளு வரும். அந்த இடத்தில் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். பீச் ரோட்டில் கேப்போடு ஓட்ட வேண்டாம். புயல் கூண்டு ஏற்றிய நாளில் எங்குமே வேண்டாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்களுக்கு

ஊரைத் தாண்டிவிட்டால் கதை மாறுகிறது. கோட்டக்குப்பம் கடந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழகம் வரை தினமும் போகிறவர், ஞாயிறு காலையில் மரக்காணம் உப்பளம் வரை மிதித்துவிட்டு வருகிறவர் என்று பலர் இருக்கிறார்கள். அந்தச் சாலையில் வடக்கே போகும்போது காற்று வலது முன்பக்கத்திலிருந்து வரும். கேப் அங்கே பாய்மரமாகிவிடும். பக்கத்தில் போகும் பேருந்தின் வீச்சு வேறு. அவர்களுக்கு உடம்போடு ஒட்டிய ஜாக்கெட்தான் சரி. நம் ஊரில் ஜெர்கின் என்று சொல்வோமே, அந்த வகை.

அதிலும் தேட வேண்டியது வாசல்தான். அக்குளுக்குக் கீழே திறக்கும் ஜிப்பு, முதுகில் மடிப்புக்கு அடியில் வலைத்துணி வைத்த திறப்பு, கழுத்திலிருந்து கீழ்வரை முழு ஜிப்பு. மழை லேசானதும் ஓட்டிக்கொண்டே ஒரு கையால் ஜிப்பை இறக்கிவிட முடிய வேண்டும். எடை குறைவாக, சுருட்டினால் பைக்குள் அடங்குவதாக இருக்கட்டும். மழை நின்ற நிமிடமே கழற்றிவிடப்போகிற உடை இது.

தண்ணீர் தடுக்கும் திறனை மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். 5,000 என்றால் துணியின்மேல் ஐந்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்த் தம்பம் நின்றாலும் கசியாது என்று அர்த்தம். நம் தேவைக்கு அது தாராளம். 20,000-க்கு ஆசைப்பட வேண்டாம். குடைத் துணி இந்த எண்களின் அருகில்கூட வராது; ஆனாலும் நல்ல குடை ஒழுகுவதில்லை. தண்ணீர் துணியில் நுழைவதைவிடத் தையலில்தான் அதிகம் நுழைகிறது. ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு ஓட்டை. உள்பக்கத்தைப் புரட்டித் தோள், கை, தலைமூடித் தையல்கள்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டேப் இல்லாத கோட்டில் லேபிள் எண்ணுக்கு மதிப்பில்லை.

கடையில் நிமிர்ந்து நின்று போட்டுப் பார்த்து வாங்குவது பலன் தராது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஹேண்டில்பாரைப் பிடிப்பது போலக் குனிந்து பாருங்கள். மணிக்கட்டு வெளியே தெரிந்தால் கை நீளம் போதாது. இடுப்பின் பின்பக்கம் மேலே ஏறினால், பின்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேரே அங்கேதான் வரும். சைக்கிளுக்கென்று தைத்தவற்றில் பின்பக்கம் வால் போல நீண்டிருக்கும். முன்பக்கம் குட்டையாக இருக்கும். தலைமூடியைப் போட்டுக்கொண்டு தோளுக்குமேல் திரும்பிப் பாருங்கள். பின்னால் வரும் வண்டிக்குப் பதில் துணிதான் தெரிகிறது என்றால் அந்தத் தலைமூடி ஆபத்து. மடித்துவிட்டு, நெற்றியில் நீண்ட மறைப்புள்ள தொப்பியை ஹெல்மெட்டுக்கு அடியில் போட்டுக்கொள்வது மேல். மழைத்துளி கண்ணில் அடிக்காது.

உலோக ஜிப்பு வேண்டாம். கடற்கரை ஊரில் உப்புக் காற்று ஒரே பருவத்தில் அதைப் பச்சை பிடிக்க வைத்து இறுக்கிவிடும். பிளாஸ்டிக் பல் வைத்ததே நல்லது.

எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். பிரான்சில் 1976-ல் தொடங்கிய டெகாத்லான், பெங்களூரின் வைல்டுகிராஃப்ட் போன்றவற்றில் நடுத்தர விலையில் பல வகை கிடைக்கின்றன. மேலே சொன்ன சோதனைகளைச் செய்துபார்த்துத் தேறுவதை எடுத்துக்கொள்ளலாம். பெயரைப் பார்த்து எடுக்க வேண்டியதில்லை.

பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதுவும் பிரான்சிலிருந்து வந்த வழக்கம்தான். பாரிஸின் ஆடாக்ஸ் கழகம் வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரவில் ஒளி பிரதிபலிக்கும் வெஸ்ட் கட்டாயம். மழை வந்ததும் அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டு வெஸ்ட்டை மறைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஜாக்கெட் உள்ளே, வெஸ்ட் வெளியே. பல மணி நேரம் நனைந்தபடி, இரவுக் காற்றில், களைத்துப்போய் ஓட்டும்போது நம் ஊரிலும் உடம்பு வெடவெடக்கும். அவர்களுக்கு மட்டும் நல்ல சவ்வுத் துணி ஜாக்கெட் காசுக்குத் தகுந்த பொருள்.

கறுப்புக் கோட்டை விற்காதீர்கள்

கடைகளில் தொங்குபவற்றில் பெரும்பாலும் கறுப்பு, கருநீலம், மிலிட்டரிப் பச்சை. அழுக்குத் தெரியாது என்பதால் வாங்குகிறார்கள். மழை நேரத்து இருட்டில், வைப்பர் ஓடும் கண்ணாடி வழியே, ஒரு பேருந்து ஓட்டுநருக்கு அந்த நிறத்தில் ஆளே தெரியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பகலுக்கு ஒளிரும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. இரவில் அந்த நிறத்தால் பயனில்லை. அப்போது வண்டி விளக்கை அப்படியே திருப்பி அனுப்பும் வெள்ளிப் பட்டைதான் காப்பாற்றும். பட்டை முதுகில் இருப்பது நல்லது. கணுக்காலில் இருப்பது அதைவிட நல்லது. மேலும் கீழும் அசைகிற ஒளியைப் பார்த்ததும் அது சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். கறுப்புக் கோட்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ரோடு வேலை செய்பவர்கள் போடுகிற வலை வெஸ்ட் ஒன்றை அதன்மேல் மாட்டுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் காரியம்.

மழை கீழிருந்தும் வரும்

கோட்டைப் பற்றியே யோசிப்பவர்கள் சக்கரத்தை மறந்துவிடுகிறார்கள். பழைய ஹெர்குலிஸ் வண்டியில் முன்னும் பின்னும் முழு மட்கார்டு இருக்கும். இப்போது பிள்ளைகள் கேட்டு வாங்கும் கியர் சைக்கிள்களில் பலவற்றுக்கு மட்கார்டே இல்லை. இருந்தாலும் சின்னத் தகடு. மழை விட்ட பிறகும் சாலையில் தேங்கியதைச் சக்கரம் முதுகுவரை வாரி அடித்துக்கொண்டே இருக்கும். அது சாக்கடை கலந்த தண்ணீர். இருக்கும் காசு கோட்டுக்கா மட்கார்டுக்கா என்றால் முதலில் மட்கார்டு என்பேன்.

அடுத்தது பிரேக். இரும்பு ரிம்மும் கம்பி பிரேக்கும் உள்ள வண்டி ஈரத்தில் பிடிக்காது; பிரேக் அழுத்திய பிறகும் நெடுந்தூரம் ஓடித்தான் நிற்கும். சந்திப்பு வருவதற்கு முன்பே லேசாக அழுத்தி ரிம்மிலிருக்கும் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். அலுமினிய ரிம் இதில் எவ்வளவோ மேல். தேய்ந்த பிரேக் கட்டையை மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் இறங்காதீர்கள். இந்திரா காந்தி சதுக்கத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அடியில் மூடி இல்லாத பள்ளம் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றுவழியில் போகலாம்.

காலுக்கு ஷூ வேண்டாம். நனைந்த ஷூ இரண்டு நாள் காயாது. பின்னால் பட்டை வைத்த ரப்பர் செருப்பு போதும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல கோட்டானாலும் நம் ஊரில் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்.

பீரோவில் சாகும் கோட்டுகள்

கோட்டு மழையில் கெடுவதைவிட மழை முடிந்தபின் கெடுவதுதான் அதிகம். துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன், ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்ல உடைந்துபோகும் பொருள். ஈரம் காயாமல் மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்துப் பீரோவில் வைத்துவிட்டு, சித்திரை வெயிலைத் தாண்டி அடுத்த ஐப்பசியில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும்; பூச்சு செதில் செதிலாக உதிரும்; டேப் உரிந்து தொங்கும். பூஞ்சை வாடை வேறு. போட்டுக் கழற்றியதும் நிழலில், காற்றோட்டமாக, உள்பக்கம் வெளியே தெரிய உலர்த்துங்கள். உப்பும் வேர்வையும் போக நல்ல தண்ணீரில் அலசுங்கள். சலவைச் சோடா, ஃபேப்ரிக் கண்டிஷனர் இரண்டும் ஆகாது. தை பிறந்ததும் மடிக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அப்படிப் பார்த்துக்கொண்டால் நடுத்தர விலைக் கோட்டு பல பருவத்துக்கு வரும்.

தண்ணீரை உருட்டிவிடும் வெளிப்பூச்சு தேய்ந்தால் மறுபடி தெளித்துக்கொள்ள ஸ்ப்ரே கிடைக்கிறது. ஃபுளோரின் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பூச்சுகளில் இருந்த பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குவதால், அதை 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நிலத்தடி நீரைக் குடிக்கும் ஊர்க்காரர்கள் நாம்.

பிள்ளைகளின் அளவு

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தருகிறது. அந்தச் சைக்கிள்தான் பல வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பள்ளியில் தொடர்ந்து படிக்க வைத்தது. தமிழ்நாட்டில் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு ரெயின்கோட்டும் உண்டு. பிள்ளைகளுக்கு மழை உடை வாங்குவது அரசானாலும் பள்ளியானாலும் அப்பா அம்மாவானாலும், சைக்கிளில் உட்கார வைத்து அளவெடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பது நம் வழக்கம். சட்டைக்கு அது சரி. கோட்டின் தொங்கல் செயினில் சிக்கும், தொளதொளத்த தலைமூடி கண்ணை மறைக்கும்.

பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே கேப் தைக்கலாம். குடை ரிப்பேர் செய்கிறவரிடமும் தார்ப்பாய் தைக்கிறவரிடமும் துணி உண்டு. வட்டமாக வெட்டத் தெரிந்த தையல்காரர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. தோள்பட்டையில் தையல் வராதபடி ஒரே துண்டில் வெட்டச் சொல்லுங்கள். மிச்சத் தையல்களின் உள்பக்கம் சீம் டேப்பை இஸ்திரியால் ஒட்டலாம். கட்டைவிரல் வளையத்தையும் இடுப்பு நாடாவையும் மறக்காமல் கேளுங்கள். முதுகில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளிப் பட்டை. துணி மஞ்சள் நிறத்தில். தைத்து வந்ததும் வாசலில் பிள்ளையைச் சைக்கிளில் உட்கார வைத்து, போட்டுவிட்டு, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும், அன்றைக்கே தையல்காரரிடம் திருப்பிக் கொடுத்துச் சரி செய்யலாம். இதையெல்லாம் புரட்டாசியிலேயே செய்ய வேண்டும். தீபாவளி நெருங்கிவிட்டால் எந்தத் தையல்காரருக்கும் கை ஓயாது.